சீனத்துக் காசிமாயன்

சீனாவில் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு காதலுக்குப் போன மாசம் போடிநாயக்கனூரில் விசாரணை வைத்தார்கள். விசாரிக்கப்பட்டவள் ஈஸ்வரி. அவள் சீனாவுக்குப் போனதில்லை. மூணாறுக்கே இரண்டு தடவைதான் போயிருக்கிறாள். இரண்டு தடவையும் கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்தாள்.

ஈஸ்வரி பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தியவள். முழங்கால் வலி தாங்காமல் நாற்பத்தெட்டு வயதில் வேலையை விட்டுவிட்டாள், ஆனாலும் ஊருக்கு இன்னும் டீச்சர்தான். புருஷன் சுருளிவேல் ஏலக்காய் வியாபாரி. வீட்டுக்குக் கீழேயே கொட்டகை. மலையிலிருந்து இறங்கும் காயைப் பதினான்கு பெண்கள் உட்கார்ந்து சலித்து, பருத்ததைத் தனியாக, வெடித்ததைத் தனியாக, கறுத்ததைத் தனியாகப் பிரிப்பார்கள். ஒரே மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். மாடியில் சும்மா உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த டீச்சரிடம் சென்னைப் பதிப்பகம் ஒன்று இங்கிலீஷ் புத்தகத்தைக் கொடுத்துத் தமிழில் எழுதித் தரச் சொன்னது.

புத்தகம் ஒரு சீனத்து அம்மாவின் வாழ்க்கைக் கதை. பத்தொன்பது வயதில் அவரை நகரத்திலிருந்து கிளப்பி, விவசாயிகளிடம் போய்ப் பாடம் படி என்று ஒரு தேயிலை மலைக்கு அனுப்பியிருக்கிறது கட்சி. அங்கே ஒரு பையன். பையனுடைய தாத்தா பழைய நிலச்சுவான்தார். தாத்தா செத்துப்போயிருந்தாலும் பேரனும் மக்கள் எதிரி என்று எழுதி வைத்திருந்தார்கள். அவனோடு பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, அவன் பறித்த வரிசையில் பறிக்கக் கூடாது. இந்தப் பெண் மூன்றையும் செய்தாள். பிடிபட்டாள். கூட்டம் போட்டு, நடுவில் நிறுத்தி, ஒரு தாளை நீட்டினார்கள். ‘எனக்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பையனைச் சுரங்க வேலைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எழுபது வயதில், வேறொரு தேசத்தில் உட்கார்ந்து, அந்த அம்மா இதையெல்லாம் எழுதினார்.

‘எந்தச் சம்பந்தமும் இல்லை’ என்ற அந்த ஒரு வரியில் ஈஸ்வரி பத்தொன்பது நாள் மாட்டிக்கொண்டாள். கடினமான வரி ஒன்றும் இல்லை, ஆறாம் வகுப்புப் பிள்ளை மொழிபெயர்த்துவிடும். எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். ஒவ்வொரு தடவையும் தானே யாரையோ தள்ளிவிடுவது போல இருந்தது. ஒருவழியாக எழுதி முடித்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வினை கொட்டகையில்தான் தொடங்கியது. எழுதியதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள், நாக்கு தடுக்கிற இடத்தைத் திருத்துங்கள் என்று பதிப்பகத்துக்காரர் சொல்லியிருந்தார். சுவருக்குப் படித்துக்காட்டுவானேன் என்று கீழே இறங்கி வந்து பெண்களுக்குப் படித்தாள். கொட்டகையில் செல்போனுக்குத் தடை என்பதால் அவர்களுக்கும் பொழுது போயிற்று. மூன்றாம் நாள் மூத்தவளான பாண்டியம்மாள் சல்லடையைக் கீழே வைத்தாள்.

"டீச்சர், அந்தப் பய பேரு வாயிலயே நிக்க மாட்டேங்குது. வேற பேரு வைங்க."

"இது அவங்க சொந்த வாழ்க்கைம்மா. பேர மாத்தக் கூடாது."

"புத்தகத்துல மாத்தாதீக. இங்கன மட்டும் மாத்துங்க. காசிமாயன்னு வச்சுக்கிருவோம். பாவப்பட்ட பயலுக்குப் பொருத்தமா இருக்கும்."

காசிமாயன் வந்து உட்கார்ந்ததும் மற்றவையும் வரிசையாக இறங்கின. வாயில் நுழையாத ஆறு கொட்டகுடி ஆறானது. தேயிலை மலை போடிமெட்டானது. கட்சிச் செயலாளர் என்றால் யார் என்று கேட்டார்கள். நம்ம தொழிலாளர் சங்கத் தலைவர் மாதிரி என்றாள் ஈஸ்வரி, அன்றிலிருந்து அவர் சங்கத் தலைவர். செங்கொடி மட்டும் செங்கொடியாகவே இருந்தது, அதை மாற்ற வேண்டிய தேவை வரவில்லை. இன்னொன்றையும் யாரும் மாற்றவில்லை. புத்தகம் முழுக்க ‘நான், நான்’ என்று இருந்ததை ஈஸ்வரி அப்படியே ‘நான், நான்’ என்றே படித்தாள். ‘காசிமாயன் என்னைப் பார்த்தான். எனக்கு மூச்சு நின்றுவிட்டது’ என்று நாற்பத்தெட்டு வயது டீச்சர் கண் கலங்கப் படித்தால் கேட்கிறவர்கள் என்ன செய்வார்கள்? அன்றைக்குக் கறுத்த காயெல்லாம் பருத்த காயோடு போய்விட்டது.

பாண்டியம்மாளின் நாத்தனார் எஸ்டேட் வேலைக்கு ஜீப்பில் போகிறவள். பாண்டியம்மாள் அவளிடம் சொன்னாள், அவள் ஜீப்பில் சொன்னாள். பதினேழு வளைவு ஏறி ஜீப்பு போடிமெட்டைத் தொடுவதற்குள் சீனா கழன்று விழுந்துவிட்டது. சாயங்காலம் கீழே இறங்கியது வேறு கதை: ஏலக்காய்க் கடை சுருளிவேல் பெண்டாட்டி சின்ன வயசில் காசிமாயன் என்று ஒருத்தனோடு பழகினாள், சங்கத் தலைவர் கூட்டம் போட்டுப் பிரித்துவிட்டார், காசிமாயன் இடுக்கிப் பக்கம் தாடி வளர்த்துத் திரிகிறான். சேட்டன் இப்போழும் கரையுகயாணு, அண்ணன் இன்னும் அழுதுகொண்டிருக்கிறார், என்று மலையாளத்தில் ஒரு வரி கூடுதலாகச் சேர்ந்திருந்தது. ஒரு வாரம் இதைக் கேட்டுக் கேட்டு, கொட்டகையில் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்ட பெண்களே நம்பத் தொடங்கிவிட்டார்கள். ஊரே சொல்லும்போது தாங்கள் மட்டும் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று அவர்களுக்குச் சந்தேகம்.

இதில் பெரிய இடைஞ்சல் குலசாமி. காசிமாயன் என்பது சாமி பெயர், மூத்த பிள்ளைக்கு அதைத்தான் வைக்க வேண்டும். ஆகவே டீச்சர் வீட்டைச் சுற்றி ஒரு மைலுக்குள் ஐந்து காசிமாயன்கள் இருந்தார்கள். ஒருவர் ஜீப்பு ஓட்டுகிறார். ஒருவர் புரோட்டாக் கடை. ஒருவர் ஓய்வு பெற்ற தபால்காரர், சிலமலையிலிருந்து வந்து தனியாக வாடகை அறையில் இருப்பவர். ஒரு காசிமாயன் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். இன்னொருவர் ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே செத்துப்போனார். அதனால் அவர் மேலுள்ள சந்தேகம் குறைந்துவிடவில்லை. தபால்காரர் அறையைத் தவிர நான்கு வீட்டிலும் சண்டை. அந்த வீடுகளின் சொந்தபந்தப் பெண்கள்தான் கொட்டகையில் பாதிப் பேர். எந்தக் காசிமாயன் என்று தெரியாமல் காயைத் தொட மாட்டோம் என்று எழுந்து போய்விட்டார்கள். புதன்கிழமை ஏலம். எட்டு மூட்டைக் காய் பிரிக்காமல் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க மாடிக்கு வரச்சொல்லித் தலைவர் அருள்பாண்டி ஆள் அனுப்பினார். சுருளிவேல் சட்டையை மாட்டினார். இருபத்து நான்கு வருஷத் தாம்பத்தியத்தில் அவர் பெண்டாட்டியிடம் கேட்ட கேள்விகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இதைப் பற்றியும் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"சோலிய முடிச்சுட்டு வெரசா வந்துரலாம். ஒரு லெட்டரு எழுதி வச்சிருக்காங்களாம். கையெழுத்தப் போட்டுட்டு வந்துரு" என்றார்.

மாடியில் அறுபது பேர் இருந்தார்கள். சுவரில் தாடிக்காரர்களின் படங்கள், அதற்குக் கீழே உயிரோடிருக்கிற நான்கு காசிமாயன்களும் நாற்காலியில். செத்துப்போன காசிமாயனுக்காக அவர் மனைவி குருவம்மாள் ஐந்தாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அருள்பாண்டி நல்ல மனுஷன். அவரைப் பார்க்கவே ஈஸ்வரிக்குப் பாவமாக இருந்தது.

"டீச்சர், நான் சுத்தி வளைக்கல. சங்கத் தலைவரு காதலர்களப் பிரிச்சாருன்னு ஊரு பூராம் பேச்சு. பதினெட்டு வருசமா தலைவரு நானு. இதே மாடியில ஏழு காதல் கல்யாணம் நடத்தி வச்சிருக்கேன், மால எடுத்துக் குடுத்ததே நான்தான். நான் எப்பங்க உங்களப் பிரிச்சேன்?"

"நீங்க பிரிக்கலைங்க. அது சீனாவுல."

"சீனாவுல எப்படிங்க காசிமாயன் இருப்பான்?"

"பேரு வச்சது பாண்டியம்மா."

பாண்டியம்மாள் எழுந்து நின்றாள். "ஆமா, நான்தான் வச்சேன். இல்லேங்கல. ஆனா நான் அந்தப் பேரச் சொன்னதும் டீச்சர் மொகம் ஒரு மாதிரியாச்சு. அதையும் நான் சொல்லணும்ல."

"அது கோவம்" என்றாள் ஈஸ்வரி.

"கோவம் எதுக்கு வருது?" என்று புரோட்டாக் கடைக்காரர் மனைவி கேட்டாள். அறுபது தலைகளும் ஆமாம் என்று ஆடின.

ஈஸ்வரி இங்கிலீஷ் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அட்டையில் அந்தச் சீனத்து அம்மாவின் படம் இருந்தது. புத்தகம் கைமாறிக் கைமாறி ஒரு சுற்று வந்தது. ஜீப்பு ஓட்டும் காசிமாயன் படத்தைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்துவிட்டு, "இந்தம்மாவ நான் பாத்ததே இல்ல, சத்தியமா" என்று தன் மனைவியிடம் சொன்னார். அவள் நம்பவில்லை.

அருள்பாண்டி தாளை எடுத்துப் படித்தார். "எனக்கும் காசிமாயன் என்ற பெயருடைய எவருக்கும் எக்காலத்திலும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்."

"எவருக்கும்னு பொதுவாப் போட்டா எப்படி? எம்மகன் பேர ஆதார் நம்பரோட தனியாப் போடுங்க. நாளைக்குப் பொண்ணு பாக்கணும்ல" என்றாள் காலேஜ் காசிமாயனின் தாய் கருத்தம்மாள். பையன் செல்போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

தபால்காரர் கையைத் தூக்கினார். "என் பேரு அதுல வேணாம்ங்க. இல்லைன்னு எழுதித்தான் ஆகணும்னு எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. இருந்துட்டுப் போகட்டும்."

குருவம்மாள் நாற்காலியோடு நகர்ந்து ஈஸ்வரியின் பக்கத்தில் வந்தாள். அவள் குரல் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை.

"ஆத்தா, நான் கோவிச்சுக்கிற மாட்டேன். அவருதான்னா சொல்லிரு. சாகுற மட்டும் எங்கிட்ட ஒரு நல்ல வார்த்த பேசல மனுசன். வேற யாருகிட்டயாச்சும் பேசியிருக்காருன்னா, அது வரைக்கும் பரவால்லன்னு இருக்கும்."

ஈஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் பேனா வந்துவிட்டது.

தாளைப் பார்த்தாள். அதில் பொய் ஒரு எழுத்துக்கூட இல்லை. எந்தக் காசிமாயனையும் அவள் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. போட்டால் பத்து நிமிஷத்தில் வீடு, நாளைக்குக் கொட்டகை நிறையப் பெண்கள், புதன்கிழமை ஏலத்துக்குக் காய். போடாவிட்டால் நாலு வீட்டுச் சண்டையும் அவள் தலையில். எல்லாம் தெரிகிறது, ஆனால் விரல் நகரவில்லை. பத்தொன்பது நாள் அழித்து அழித்து எழுதிய வரி அது. தேயிலை மலையில் அந்தப் பெண் நின்ற மாதிரியே நிற்கிறோம், அதே வரியை நீட்டுகிறார்கள், இந்தத் தடவையாவது யாரோ ஒருத்தி போடாமல் இருக்க வேண்டாமா என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது.

"நான் போட மாட்டேன்."

"ஏங்க?"

"அந்தப் பொண்ணு இதே வரியத்தான் எழுதிக் குடுத்துச்சு. அம்பது வருசம் அழுதுச்சு."

"அவங்களுக்கு நெசமாவே சம்பந்தம் இருந்துச்சு, அழுதாங்க. உங்களுக்குத்தான் இல்லையே. பெறகு போடுறதுக்கென்ன?"

அருள்பாண்டி சொல்வது ரொம்பச் சரி. ஈஸ்வரி பேனாவை மூடி மேஜையில் வைத்தாள்.

"போடலைன்னா உண்மைன்னு ஆயிரும் டீச்சர்."

"ஆகட்டும்."

மாடி முழுக்க ஒரே இரைச்சல். அருள்பாண்டி கையமர்த்திவிட்டு, சுருளிவேலிடம் தாளைத் திருப்பினார். "சரிண்ணே, வீட்டுக்காரரு நீங்க போட்டாலும் செல்லும். போடுங்க."

சுருளிவேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை மேலிருந்து கீழே படித்தார். பேனாவைத் திறந்தார். அறுபது பேரும் அவர் கையையே பார்த்தார்கள். ஈஸ்வரியும் பார்த்தாள். அவர் பேனாவைத் திரும்ப மூடினார்.

"நான் எப்படிப்பா போடுறது? எக்காலத்திலும் இல்லைன்னு போட்டிருக்கு. எனக்கு எப்படித் தெரியும்? நான் அவகிட்ட கேட்டதே இல்லையே."

இது நியாயமாக இருந்ததால் யாராலும் மறுக்க முடியவில்லை. அருள்பாண்டி நாற்காலியில் சாய்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். அவருக்கே இப்போது ஆத்திரம் வந்துவிட்டது.

"அப்படி என்னதாங்க தப்புப் பண்ணுனான் அந்தச் சீனாக்காரப் பய? ஊரு ரெண்டு பட்டுக் கெடக்கு. எதுக்குப் பிரிச்சாங்க அவுகள?"

"அவன் தாத்தா நிலச்சுவான்தார். அதுக்காக" என்றாள் ஈஸ்வரி.

அருள்பாண்டியின் முகம் தெளிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிலச்சுவான்தாரா? அத மொதல்லயே சொல்லக் கூடாதா டீச்சர்? அப்பத் தலைவரு செஞ்சது அந்தக் காலத்துக்குச் சரிதான். அதுல நாம தலையிட முடியாது."

"அந்தப் பையன் என்னங்க செஞ்சான்?" என்று ஈஸ்வரி கத்தினாள். அருள்பாண்டி காதில் விழவில்லை. அவர் ஏற்கெனவே நாற்காலிகள் பக்கம் திரும்பிவிட்டார். பிடி கிடைத்துவிட்டது: யாருடைய தாத்தாவுக்கு நிலம் இருந்ததோ அவன்தான் அந்தக் காசிமாயன். ஜீப்புக் காசிமாயனிடம் தாத்தா என்ன செய்தார் என்று கேட்டார். ஏர் உழுதார், அதுவும் அடுத்தவர் காட்டில். புரோட்டாக் கடைக் காசிமாயனின் தாத்தா ஆடு மேய்த்தார். காலேஜ் பையனின் தாத்தா இன்னும் உயிரோடு போடிமெட்டு செக்போஸ்ட்டில் டீ விற்கிறார். குருவம்மாள் வீட்டுக்காரரின் தாத்தாவுக்கு ஒரு மாடு இருந்தது. அதுவும் பாதி மாடுதான், மறுபாதி தம்பிக்குச் சொந்தம்.

தபால்காரக் காசிமாயன் எழுந்து நின்று சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார்.

"சிலமலையில எங்க தாத்தாவுக்கு மூணு ஏக்கர் இருந்துச்சு. கெணத்தோட. அப்புறம், ரிட்டயராகுற வாரம் அந்தப் புத்தகப் பார்சலக் கொண்டாந்து டீச்சர் கையில குடுத்ததும் நான்தான்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனுஷன் அறுபது வயது வரை ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்பது இப்போதுதான் புரிந்தது போல அவர்கள் முகம் இளகியது.

"ஆட்சேபணை உண்டா?" என்று அருள்பாண்டி தபால்காரரைக் கேட்டார்.

"எனக்கா? இல்லீங்க."

தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டது. சம்பந்தப்பட்டவர் சிலமலை காசிமாயன் எனத் தெரிய வருகிறது; மற்ற நால்வருக்கும் தொடர்பில்லை; சங்கத்துக்கும் தொடர்பில்லை. என்னை யாருமே கேட்கவில்லையே என்று ஈஸ்வரி இரண்டு தடவை சொன்னாள். நாற்காலிகளை மடக்குகிற சத்தத்தில் அது அமுங்கிப்போயிற்று. கருத்தம்மாள் மகன் தலையில் ஒரு தட்டுத் தட்டிக் கூட்டிப்போனாள். நாளைக்குக் காலையில் வந்துவிடுகிறோம் என்று பாண்டியம்மாள் சொன்னாள். தபால்காரர் யாரையும் பார்க்காமல், நடையில் ஒரு புது மிடுக்கோடு படி இறங்கினார். குருவம்மாள் மட்டும் காலியான கூடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

சுருளிவேல் ஸ்கூட்டரை எடுத்தார். கடைவீதியைத் தாண்டினார்கள். கொட்டகுடி ஆற்றுப் பாலத்தில் ஓரமாக நிறுத்தினார். உச்சி வெயில். ஆற்றில் தண்ணீர் இல்லை, ஒருவன் மணலில் எருமையை ஓட்டிக்கொண்டு போனான். சுருளிவேல் அந்த எருமையைப் பார்த்தபடி பேசினார்.

"ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"அந்தத் தபால்காரரு இல்லேல்ல?"

"ஐயோ, இல்லைங்க."

"காலேஜுல படிக்கையில யாரும்?"

"இல்ல."

"மனசுக்குள்ளயாச்சும் ஒருத்தர நெனச்சிருப்பேல்ல. வெளிய சொல்லாட்டியும்."

ஈஸ்வரிக்கு அவர் மேல் இரக்கமாக இருந்தது. அத்தனை பேருக்கு நடுவில், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரியாது என்று சொன்ன மனுஷன். அந்த நியாயத்துக்கு நியாயமாக ஒரு பதில் சொல்லி அவர் மனசை ஆற்ற வேண்டும் என்று நினைத்தாள். வகுப்பில் சொல்வது போல அழுத்தித் திருத்தமாகச் சொன்னாள்.

"யாரும் இல்லைங்க. நான் ஒருத்தரையும் அப்படி நெனச்சதே இல்ல. இந்த ஆத்து மேல சத்தியமா."

அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"ஒருத்தரையும்" என்றார் சுருளிவேல். அது கேள்வியாக இல்லை.

சொன்னது என்ன என்று ஈஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. உங்களைத் தவிர என்று சேர்த்துக்கொள்ளலாம். இரண்டே வார்த்தைதான். வாயைத் திறந்தாள். இருபத்து நான்கு வருஷத்தையும் ஒரு தடவை புரட்டிப் பார்த்தாள். அவர் நல்லவர், அடித்ததில்லை, குடித்ததில்லை, முழங்காலுக்கு மதுரை வரை வைத்தியத்துக்குக் கூட்டிப்போனார். அந்த இரண்டு வார்த்தை எங்கேயும் அகப்படவில்லை. அறுபது பேர் நெருக்கியும் எழுதித் தராததை, நெருக்க ஆளே இல்லாத இடத்தில், கட்டின புருஷனிடம் சொல்லி முடித்திருந்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. யாருக்காக என்று தெரியவில்லை.

சுருளிவேல் எருமை மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"காசிமாயன்னு ஒருத்தன் இருந்திருந்தாக்கூடத் தேவல ஈஸ்வரி. அவன் இருந்ததாலதான் ஒம்மனசுல எனக்கு எடமில்லாமப் போச்சுன்னு இருந்திருப்பேன்" என்றார். பிறகு வண்டியைக் கிளப்பினார். "ஏறு. நாளைக்குப் பொம்பளைங்க வர்றாங்க, மூட்டையப் பிரிச்சு வைக்கணும்."